இரண்டாவது இந்திராணி

சென்ற மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் மாடி அறை ஒன்றை எடுத்துத் தத்துவப் பேச்சு வைத்திருந்தார்கள். கீழே வாழையிலைக் கடை. ரச வாசம் படியேறி வந்துகொண்டிருந்தது. பேச வந்தவர் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்கும் பேராசிரியை, நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிதான் இருந்தார். தனக்கு மூன்றே விஷயங்களில்தான் ஆர்வம் என்று ஆரம்பித்தார். உலகத்தில் உண்மையாகவே இருப்பது எது, மனம் என்பது என்ன, ஒன்றை 'எனக்குத் தெரியும்' என்று நாம் எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்.

நடுவில் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி போட்டார். நேற்றுப் பார்த்த ஆளும் இன்றைக்குப் பார்க்கிற ஆளும் ஒருவர்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"மூஞ்சிய வெச்சுத்தான்" என்றார் ஒருவர்.

முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். அந்த வட்டாரத்தில் மசாஜ் செய்கிறவர், கண் தெரியாது. "எனக்கு மூஞ்சி கிடையாது மேடம். குரல் போதும்" என்றார்.

பின்னாலிருந்து யாரோ, "ஐ.சி.ய எடுக்கச் சொல்லணும் லா" என்றார். அடையாள அட்டையைத்தான் இங்கே ஐ.சி. என்போம். அறையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி, முன்பு என் வார்டில் இருந்த நோயாளி ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எனக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஏற்பாட்டாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் பேராசிரியை தேநீர்க் குவளையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் வகுப்புல கற்பனையா சொல்ற உதாரணம், அங்கிள். உங்களுக்கு அது ஆளா வந்து கட்டில்ல படுத்திருக்கு. எழுதிடுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பர், செம்பனைத் தோட்டத்துக்காரர்கள் எங்களை இன்னும் 'டிரஸர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துப் பயிற்சிக்குப் போனேன். ஊசி போட, காயம் தைக்க, கட்டுப் போட, உடைந்த எலும்பை அசையாமல் தூக்கிவரக் கற்றுக்கொடுத்தார்கள். மனிதர்களோடு பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. மற்றபடி நான் படித்ததெல்லாம் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததுதான். கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்வந்த நேரத்தில் படித்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் வேலை பார்த்த மருத்துவமனைகளில் ஒன்றில், தலையில் அடிபட்டுத் தேறி வருகிறவர்களுக்கும் புத்தி தடுமாறியவர்களுக்கும் சேர்த்து ஒரு வார்டு இருந்தது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நீளமான வார்டு. தலைக்கு மேல் வரிசையாகக் காற்றாடிகள், ஒன்று மட்டும் எப்போதும் முனகிக்கொண்டிருக்கும். பத்து மணிக்குத் தேநீர் வண்டி தள்ளி வருகிற மலாய் அக்கா தினம் ஒரு பலகாரம் வீட்டிலிருந்து செய்துகொண்டு வந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போவார். இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த முனகல்தான் வார்டு.

அங்கே ஒவ்வொரு ஷிப்டிலும் நோயாளியிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நீங்கள் யார், இது எந்த இடம், இப்போது என்ன பொழுது. மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் அறிவு தெளிவாக இருக்கிறது என்று குறித்துக்கொள்வோம். முதல் நாள் எனக்கு இது சிறுபிள்ளைக் கேள்வியாகத் தோன்றியது. வருஷம் போகப் போகத்தான், இதற்கு நானே முழுப் பதில் சொல்வேனா என்கிற பயம் வந்தது.

மக்கள் சொன்ன பதில்கள் பல இன்னும் நினைவில் இருக்கின்றன. காவலாளி வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்டேன். "எழுதித்தானே கட்டில்ல மாட்டி வெச்சிருக்கீங்க. படிக்கத் தெரியாதா தம்பி?" என்றார். கேரி தீவிலிருந்து வந்த அம்மா ஒருவரிடம் "இது எந்த இடம்மா?" என்றேன். "வர்றவன் போறவன்லாம் கேள்வி கேக்கற இடம்" என்றார். இப்போது பிரதமர் யார் என்றும் ஒரு கேள்வி உண்டு. அதற்கு ஒருவர், "யாரா இருந்தா என்னா லா, நம்ம பஸ் லேட்டாத்தான் வரும்" என்றார். இவர்களில் யாருக்குத் தெளிவு இல்லை என்று எழுதுவது? எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அந்தக் கேள்விகளைக் கேட்கிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தவர் சிஸ்டர் பிலோமினா. வார்டு பொறுப்பு அவருடையது. ஒல்லியானவர். கண்ணாடியைச் சங்கிலி கோத்து மார்பில் தொங்கவிட்டிருப்பார். கைக்குட்டையில் எப்போதும் மருந்தெண்ணெய் வாசம். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சு மெதுவாகும், அவ்வளவுதான். சிஸ்டர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் துப்புரவுக்காரரிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு நாற்காலி என் முழங்காலில் வந்து இடித்தது. திரும்பினால் சிஸ்டர்.

"உக்காரு. நின்னுக்கிட்டுக் கேட்டா போலீஸ். உக்காந்து கேட்டாத்தான் ஆஸ்பத்திரி."

உட்கார்ந்தேன். "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு உக்காரு. அவரு உன்னைக் கீழ பாக்கணும், மேல பாக்கக் கூடாது."

அவருடைய முறையே தனி. வந்ததும் மூன்று கேள்வியைக் கேட்க மாட்டார். தனக்குப் பதில் தெரியாத ஒன்றை முதலில் கேட்பார். உங்க பக்கத்துல நெத்திலி எந்தச் சந்தையில நல்லா கிடைக்கும், மாமியார் நல்லவங்களா, தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறீங்க. நோயாளி கொஞ்ச நேரம் சிஸ்டருக்குச் சொல்லிக்கொடுப்பார். அப்புறம் அந்த மூன்று கேள்வியும் பேச்சோடு பேச்சாக வந்துபோகும், கேட்டதே தெரியாது. "தெரிஞ்சதக் கேட்டா அது பரீட்சை. படுத்திருக்கிறவனுக்கு எதுக்குடா பரீட்சை?" என்பார்.

குறிப்பு எழுதுவதிலும் அப்படித்தான். 'நோயாளி குழப்பமாக இருக்கிறார்' என்று நான் எழுதினால் அடித்துவிடுவார். "குழப்பம் அவருக்கா உனக்கா? அவரு என்ன சொன்னாரோ அத அப்படியே எழுது."

இன்னொரு சட்டம் உண்டு. இல்லாததை இருக்கிறது என்று சொல்கிற நோயாளியோடு எதிர்த்துப் பேசக் கூடாது, ஒத்தும் பேசக் கூடாது. எதிர்த்தால் நீ அவருக்கு எதிரி ஆகிவிடுவாய், ஒத்துப் பேசினால் பொய்யன் ஆகிவிடுவாய்.

"அப்ப என்னதான் பேசறது சிஸ்டர்?"

"அவருக்கு எங்க வலிக்குதோ அதப் பத்திப் பேசு."

கேட்க எளிதாக இருந்தது. நாகேந்திரன் வருகிற வரைக்கும்.

நாகேந்திரன் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுபவர். நாற்பதை ஒட்டிய வயது, கல்லு மாதிரி உடம்பு. மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கித் தலையில் அடிபட்டு, வேறொரு இடத்தில் அறுவை சிகிச்சை முடிந்து, தேறுவதற்காக எங்களிடம் வந்தார். மூன்று கேள்விக்கும் சரியான பதில். கணக்குப் போடுவார், பத்திரிகை படிப்பார், பக்கத்துக் கட்டில்காரரோடு பந்தாட்டம் பேசுவார். ஜோகூரிலிருந்து அண்ணன் வந்தபோது உடனே அடையாளம் தெரிந்து, "என்னாண்ணே, தொப்பை போட்டுட்ட" என்று கேலி செய்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றைத் தவிர.

ஒரு மதியம் பார்வையாளர் நேரத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, அந்தப் பொம்பளைய உள்ள விடாதீங்க."

வாசலில் உணவுத் தூக்கோடு நின்றது அவர் மனைவி இந்திராணி.

"ஏன்?"

"என் வீட்டுக்காரி மாதிரியே இருக்காங்க. நெத்தியில இருக்கிற தழும்பு, நடை, எல்லாம் அவதான். ஆனா அவ இல்ல. யாரோ அவள மாதிரி வந்திருக்காங்க."

உட்கார்ந்தேன். எதிர்த்தும் பேசவில்லை, ஒத்தும் பேசவில்லை. "உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டேன்.

"இவங்க இங்க இருந்தா, அவ எங்க? அவளுக்கு என்ன ஆச்சு? அதான் பயம்."

எங்கள் இளம் டாக்டர் இந்திராணியையும் அண்ணனையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். மூளைக்குள் முகத்தை இன்னாருடையது என்று கண்டுபிடிக்கிற வழி ஒன்று, அந்த முகத்தைப் பார்த்ததும் 'நம்ம ஆளு' என்று உள்ளே ஒரு சூடு பரவுகிற வழி இன்னொன்று என்று சில மருத்துவர்கள் நினைக்கிறார்கள். இவருக்கு முதல் வழி நன்றாக இருக்கிறது. இரண்டாவது அறுந்திருக்கலாம். முகம் வருகிறது, சூடு வரவில்லை. அதனால் மனம் தானாக ஒரு காரணத்தைச் செய்துகொள்கிறது, இது அவள் இல்லை என்று. நெருங்கிய ஆளிடம்தான் பெரும்பாலும் இப்படி ஆகும், அண்ணனிடம் அவ்வளவு சூடு எதிர்பார்ப்பதில்லை அல்லவா?

அண்ணன் ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டினார். நான் அன்றைக்கு ரயிலில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஒருவரைத் தெரியும் என்று சொல்வதில் பாதிக்கு மேல் அந்தச் சூடுதானா? அது போய்விட்டால், கண் பார்த்ததெல்லாம் சாட்சி சொன்னாலும் மனம் ஏற்காதா?

இந்திராணி கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சுறுசுறுப்பான பெண். விளக்கமெல்லாம் கேட்டுவிட்டு, "சரி டாக்டர், நான் காட்டிடறேன்" என்றார். மறுநாள் ஐ.சி., கல்யாணப் படம், கழுத்துத் தாலி எல்லாவற்றையும் காட்டினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நாகேந்திரன் ஐ.சி.யைத் திருப்பிப் பார்த்தார். "இது அவளோடது. உங்ககிட்ட எப்படி வந்துச்சி?"

"நான்தாங்க அது."

படத்தைப் பார்த்தார். "இதுவும் அவளோடது." கடைசியாகத் தாலியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "அவ தாலிய கழட்டவே மாட்டா. நீ கழட்டி எடுத்திருக்க. அவள என்ன பண்ண? சொல்லு, என்ன பண்ண?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நாங்கள் இரண்டு பேர் பிடித்துத்தான் அவரை உட்காரவைக்க முடிந்தது. அந்தப் பெண் கொண்டுவந்த ஒவ்வொரு அத்தாட்சியும் அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் பேச்சு மாறியது. நடைபாதையில் என்னிடம் சொன்னார், "தம்பி இவ்வளவு பயப்படறான்னா ஏதாச்சும் இருக்கும்ல? நான் ஜோகூருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். இவ இல்லாம இருந்தா சரியாயிடுவான்." டாக்டருக்கும் வேறு வழி தெரியவில்லை. உடம்பு தேறிவிட்டது, கட்டில் அடுத்த நோயாளிக்கு வேண்டும். மனைவியோடு வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறவரை அண்ணனோடு அனுப்பலாம், இல்லாவிட்டால் தூரத்தில் இருக்கிற பெரிய மனநல மருத்துவமனைக்கு எழுதலாம். எதுவானாலும் இந்திராணிக்கு வீட்டுக்காரர் இல்லை. அடுத்த வாரக் கடைசியில் முடிவு என்று ஆயிற்று.

இந்த இடத்தில்தான் அது நடந்தது. இந்திராணி அழுதுகொண்டே கிளம்பிப் போய்விட்டார். நான் நாகேந்திரன் கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கைப்பேசி அடித்தது. எடுத்தார். முகம் மலர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு மலர்ச்சியை நான் அந்த வார்டில் பார்த்ததில்லை.

"இந்து, எங்கடி இருக்க? இவ்வளவு நாளா ஏன் வரல? ... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? ... இல்லடி, இங்க ஒருத்தங்க வர்றாங்க, உன்ன மாதிரியே. எனக்குப் பயமா இருக்கு. நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

இரவு போடுகிற மாத்திரையைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று ரயில் நிலையத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார் இந்திராணி. வழக்கமாக அவர் வார்டு எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்; அன்றைக்கு அழுகையில் தவறி இவருடைய எண்ணை அழுத்திவிட்டார்.

சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். டாக்டரையும் கூப்பிட்டார். காதின் வழி அறுபடவில்லை, முகம் இல்லாமல் குரல் மட்டும் கேட்டால் சூடு வருகிறது என்றார் டாக்டர். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிஸ்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. மறுநாள் இந்திராணியை உட்காரவைத்து, மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னார்.

"தினம் போன்ல பேசுமா. வீட்டப் பத்திப் பேசு. தைரியம் சொல்லு. ஆனா போன்ல பேசிக்கிட்டே அவரு முன்னால வந்துடாத. குரலயும் முகத்தையும் ஒண்ணா கொண்டுபோய் நிறுத்தாத. இப்ப அவருக்கு இருக்கறது அந்த ஒரு கதவுதான்."

"சரி சிஸ்டர்" என்றார் இந்திராணி.

அவர் வேண்டுமென்று மீறவில்லை. இரண்டு நாள் கழித்து, நடைபாதையில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நாகேந்திரன், "நீ செத்துட்டேன்னு நெனச்சுட்டேன்டி" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார். பத்தடி தூரத்தில் புருஷன் தனக்காக அழுகிறதைக் கேட்டுக்கொண்டு எந்தப் பெண் கதவுக்கு வெளியே நிற்பாள்? கைப்பேசியைக் காதில் வைத்தபடியே உள்ளே போய்விட்டார். "நான் இருக்கேங்க, இங்கதான் இருக்கேன்."

நாகேந்திரன் அவரைப் பார்த்தார். தன் கைப்பேசியைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"போன்லயும் நீங்கதானா?"

கைப்பேசியை அணைத்து மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் குரலுக்கும் அவர் முகம் மலரவில்லை.

சிஸ்டர் இந்திராணியைத் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. "போய் அவளுக்கு ஒரு தே ஓ வாங்கிக் குடு" என்றார். மோட்டார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், இந்திராணி பிளாஸ்டிக் பையில் கட்டிய அந்தப் பாலில்லாத் தேநீரை உறிஞ்சாமல் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் சொன்ன மாதிரி எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். தேநீர்ப் பையை மடியில் வைத்தார். பிறகு சொன்னார்:

"அவரு என்னை வேணாங்கலண்ணே. எனக்காகத்தான் அழுவறாரு. என்கிட்ட நின்னுக்கிட்டு, என்னைத்தான் கேக்கறாரு. நான் என்ன குடுத்தாலும் அவருக்கு அவ வேணும். அந்த அவளா ஆகறதுக்கு என்கிட்ட இனிமே ஒண்ணும் இல்ல."

"அப்ப என்னம்மா செய்யப் போற?"

"காட்டறத நிறுத்திடறேன்."

மறுநாள் அவர் வந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். வேலைக்குப் போகிறவரைப் போல வந்தார். கட்டில் பக்கத்தில் நிற்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு, குனிந்து உட்கார்ந்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வார்டில் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

"வணக்கம். சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

நாகேந்திரன் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரு?"

"நான் யாருன்னு உங்களுக்குச் சந்தேகமா இருக்கு. எனக்குச் சந்தேகம் இல்ல. அத விடுங்க. கத்திரிக்கா கொழம்பு ஆறிடும்."

நாகேந்திரன் தூக்கை ஒரு பார்வை பார்த்தார். "உங்க பேரு?" என்றார்.

"இந்திராணி."

"அவ பேரும் அதான்."

"தெரியும்."

நான் மருந்து வண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். சிஸ்டர் தன் மேசையில் தலை குனிந்து எழுதுகிற மாதிரி இருந்தார், பேனா நகரவில்லை. இத்தனை வருஷமாக எங்களுக்கு ஒழுங்காக வராத ஒன்றை, எதிர்க்காமலும் ஒத்துக்கொள்ளாமலும் பேசுவதை, அந்தப் பெண் ஒரு தூக்குச் சாப்பாட்டோடு செய்துகொண்டிருந்தார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நாகேந்திரன் சாப்பிட்டார். முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான். "அவளும் இதுல புளி கம்மியாத்தான் போடுவா" என்றார்.

"நல்ல பொம்பளைதான் போல."

"ரொம்ப நல்லவ. வாய்தான் கொஞ்சம் நீளம்."

"அப்படியா" என்றார் இந்திராணி. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவசரமாக அந்தப் பக்கம் போய்விட்டேன்.

தினம் வந்தார். எதையும் காட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. பூனை குட்டி போட்டிருக்கிறது, குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுச் செய்தி சொல்வார். "எங்க வீட்டுக் குழாயும் ஒழுவும்" என்பார் அவர். வாரக் கடைசியில் முடிவு சொல்லவேண்டிய நாளில் அண்ணன் பெட்டியோடு வந்து நின்றார். டாக்டர், "உங்களுக்கு யாரோட போக இஷ்டம்?" என்று கேட்டார்.

நாகேந்திரன் யோசித்தார். "அண்ணன்கூட போனா ஜோகூரு. அவ திரும்பி வந்தா வீட்டுக்குத்தான் வருவா. நான் வீட்ல இருக்கணும்." இந்திராணி பக்கம் கையைக் காட்டினார். "இவங்க சமைச்சுப் போடறாங்கன்னா போடட்டும். கூடத்துல படுத்துக்கட்டும். அவ வர்ற வரைக்கும்தான்."

அண்ணன், "டேய், அது உன் பொண்டாட்டிதான்டா" என்று ஆரம்பித்தார்.

"விடுங்க மாமா" என்றார் இந்திராணி. "கூடத்துல காத்து நல்லா வரும்."

சிஸ்டர் குறிப்பில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். நோயாளி சொன்னது என்று போட்டு, 'வீட்டுக்குப் போறேன், அவ வர்ற வரைக்கும்' என்று அவருடைய வார்த்தையையே எழுதியிருந்தார். வேறு ஒரு கருத்தும் இல்லை.

பேராசிரியையிடம் இதுவரைக்கும் சொன்னபோது அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "அவருக்குப் போனது அறிவா, உணர்வா, அங்கிள்? அவங்கள ஒவ்வொரு அணுவா தெரிஞ்சிருக்கு. அப்புறம் எத வெச்சு இல்லங்கறாரு?" எனக்குத் தெரியவில்லை என்றேன். தனக்கும் தெரியவில்லை என்றார். படித்தவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ பெரிய நிம்மதி. ஆனால் கூட்டம் கலைகிற நேரமாகிவிட்டதால் மிச்சக் கதையை அவரிடம் சொல்ல முடியவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சிஸ்டர் பிலோமினா ஓய்வு பெற்றுப் போனார். என்னை வெளிநோயாளி கிளினிக்குக்கு மாற்றினார்கள். நாகேந்திரன் தவறாமல் வருவார், இந்திராணியோடு. வேலைக்குத் திரும்பிவிட்டார், பளுதூக்கி இல்லை, கிடங்கில் மேற்பார்வை. டாக்டர் கேட்கிறபோதெல்லாம் ஒரே பதில்தான்: "இவங்க நல்லவங்க டாக்டர். ஆனா அவ இல்ல." கத்தல் இல்லை, பயம் இல்லை. அந்த நம்பிக்கை மட்டும் அசையவே இல்லை. சிலருக்கு அது போய்விடும், சிலருக்குப் போகாது என்றார் டாக்டர்.

ஒரு நாள் காலையில் இந்திராணி மருந்து வாங்க வரிசையில் நின்றபோது நாகேந்திரன் என்னைத் தனியாகத் தூண் பக்கம் கூட்டிப் போனார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"அண்ணே, உங்ககிட்டதான் சொல்ல முடியும். ஒரு சங்கடமாப் போச்சு."

"என்ன சங்கடம்?"

"எனக்கு இவங்கள புடிச்சிப் போச்சுண்ணே."

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ மேல இருக்கறது அப்படியே இருக்கு. அது கொறையல. ஆனா இவங்க வேலை முடிஞ்சு வர்ற பஸ்ஸு லேட்டாச்சுன்னா எனக்கு என்னமோ பண்ணுது. போயி முச்சந்தியில நிக்கறேன். வந்துட்டாங்கன்னா ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பி வந்துடறேன். இது தப்பு இல்லையா? அவ வந்து நின்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

எதிர்த்துப் பேசக் கூடாது. ஒத்தும் பேசக் கூடாது. "அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படிண்ணே சொல்றது? அவங்க கல்யாணம் ஆனவங்க. கழுத்துல தாலி இருக்குல்ல."

"யாரு கட்டினதுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'எங்க வீட்டுக்காரரு கட்டினது. அவரு கொஞ்சம் தூரமா போயிருக்காரு, வந்துடுவாரு'ன்னாங்க." பெருமூச்சு விட்டார். "குடுத்து வெச்ச மனுசன்."

அதற்குள் அவரை ரத்த அழுத்தம் பார்க்க உள்ளே கூப்பிட்டார்கள். இந்திராணி மருந்துப் பையோடு வந்தார். நான் ஒன்றும் சொல்லக் கூடாது, நோயாளி நம்பிச் சொன்னது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சொல்லிட்டாரா?"

நான் மருந்து வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க சொல்ல வேணாண்ணே. முச்சந்தியில நிக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனக்கறாரு. பஸ் திரும்பும்போதே தெரியும். சில நாளு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கி மெதுவா நடந்து வருவேன், கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு." சிரித்தார். "எனக்கே என் மேல பொறாமையா இருக்கு. ஒரு நாளு அவள நெனச்சு, ஒரு நாளு என்னை நெனச்சு."

"கேட்டாருன்னா என்னம்மா சொல்லப் போற?"

"சும்மா சரின்னு சொல்லிடுவேனா?" மருந்துப் பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி மூடினார். "மொத தடவை அவங்க அப்பா பாத்து வெச்சாரு, இவரு தலைய ஆட்டினாரு. பொண்ணு பாக்க வந்தப்பகூட என் மூஞ்சிய சரியாப் பாக்கல, ஜாங்கிரியத்தான் பாத்தாரு. இந்தத் தடவை யாரும் சொல்லாம, அவரா வாயத் தொறந்து கேக்கட்டும். நான் வெயிட் பண்றேன்."

நாகேந்திரன் வெளியே வந்தார். இந்திராணியின் கையிலிருந்து மருந்துப் பையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார். எனக்குத் தலையசைத்துவிட்டு இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயில் நல்ல சூடு. அவர் குடையை விரித்து முழுக்க இந்திராணி பக்கம் பிடித்திருந்தார். தோள் உரசிவிடாமல், இன்னொருவர் மனைவியோடு நடக்கிற மரியாதைக்காரரைப் போல, ஒரு கை தள்ளியே நடந்தார், முதுகெல்லாம் வெயிலாக.